பறக்காத விமானத்துக்கு யார் பணம் கட்டுவது?

2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை இரவு. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் கூட்டம் திங்கட்கிழமை டென்வர் நகரில் தொடங்க வேண்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்பியலாளர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு அது. தொடங்குவதற்குச் சுமார் ஒன்றரை நாள் இருக்கும்போது, கூட்டம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. பலர் அதற்குள் டென்வரில் இறங்கி அறையும் எடுத்துவிட்டார்கள். வேறு பலர் பெட்டியைக் கட்டிவிட்டு மறுநாள் காலை விமானத்துக்காகக் காத்திருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது மார்ச் 11-இல்தான். அதற்கு முன்பே பல்கலைக்கழகங்களின் கணக்குப் பிரிவுகளுக்குப் பெருந்தொற்று வந்துவிட்டது என்று சொல்லலாம். அடுத்த சில வாரங்களில் அங்கே வந்து குவிந்தவை ஒரு புது ரக பில்கள். டிக்கெட் உண்டு, அறைக் கட்டணம் உண்டு, மாநாட்டுப் பதிவுக் கட்டணமும் உண்டு. பயணம் மட்டும் இல்லை.

பில் பாஸ் செய்பவரின் இடத்தில் இருந்து பார்த்தால்தான் இதிலுள்ள சிக்கல் புரியும். பல பல்கலைக்கழகங்களின் பயண விதிகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. முன் அனுமதி வாங்கு. கிடைப்பதிலேயே மலிவான கட்டணத்தில் போ. செலவைக் கைக்காசிலோ முன்பணத்திலோ பார்த்துக்கொள். திரும்பி வந்ததும் ரசீதுகளையும் போர்டிங் பாஸையும் இணைத்து பில் கொடு. போர்டிங் பாஸை ஏன் கேட்கிறார்கள்? டிக்கெட் வாங்கியதற்கு ரசீதே போதும். ஆள் உண்மையில் பறந்தார் என்பதற்குத்தான் போர்டிங் பாஸ். பயணம் நடந்தது, அதனால் நிறுவனத்துக்குப் பயன் கிடைத்தது, எனவே செலவு நியாயம் என்பதே முழு அமைப்பின் அடித்தளம். பறக்காத விமானத்துக்கு போர்டிங் பாஸ் கிடையாது. பில் படிவத்தில் 'பயணம் செய்யவில்லை' என்று எழுத ஒரு கட்டமும் கிடையாது.

ஆராய்ச்சித் திட்ட நிதியிலிருந்து பயணச் செலவு போகும்போது முடிச்சு இன்னும் இறுகும். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம் என்றால் துணைவேந்தரோ நிதி அலுவலரோ ஒரு கையெழுத்தில் விதிவிலக்கு தரலாம். திட்ட நிதி அரசின் பணம். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் நிதியுதவிகளுக்குப் பொதுவான செலவு விதிகள், ஒரு செலவு அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பயன்பட்டதோ அந்த அளவுக்கே அதை அதன் கணக்கில் எழுதலாம் என்கின்றன. நடக்காத மாநாட்டால் திட்டத்துக்கு என்ன பயன்? கண்டிப்பான தணிக்கையாளர் ஒருவர் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டால் பணத்தைப் பல்கலைக்கழகம் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பயத்தில்தான் பல இடங்களில் முதல் சில வாரங்கள் பில்கள் தொட ஆளில்லாமல் கிடந்தன.

முடிச்சை அவிழ்த்தது வெள்ளை மாளிகையின் நிர்வாக, வரவுசெலவு அலுவலகம் 2020 மார்ச் 19-இல் அனுப்பிய எம்-20-17 என்ற சுற்றறிக்கை. வழக்கமாக நிதியுதவியில் எழுத முடியாத செலவுகளையும், தொற்றினால் ரத்தான பயணங்கள், நிகழ்ச்சிகள் ஆகியவற்றின் செலவையும் திட்டக் கணக்கிலேயே எழுதிக்கொள்ள நிதி தரும் துறைகள் அனுமதிக்கலாம் என்றது அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 ஆராய்ச்சி நிதித் திட்டங்களில் இதே வேலையை ஒப்பந்தத்திலேயே இருந்த 'தவிர்க்க முடியாத இடர்' பிரிவு செய்தது. நம் கைமீறிய காரணத்தால் ரத்தானது, திரும்பப் பெற முயன்றும் கிடைக்கவில்லை என்று காட்டினால் அந்தச் செலவை ஏற்கலாம்.

அமெரிக்கச் சுற்றறிக்கையில் இன்னொரு வரி இருந்தது. சலுகையைக் கொண்டாடியவர்கள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ரத்துச் செலவைத் திட்டத்தில் எழுதிய பிறகு, அதே மாநாடு பின்னால் நடக்கும்போது போகப் பணம் போதாமல் போனால், கூடுதல் நிதி கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதே அது. அதாவது செலவை அங்கீகரித்தார்கள், இழப்பை ஏற்கவில்லை. இழப்பு ஆராய்ச்சிக் குழுவின் தலையிலேயே இருந்தது. ஒரு மாணவியின் ரத்தான டிக்கெட், அடுத்த ஆண்டு இன்னொரு மாணவரின் போகாத பயணமாக மாறியது.

முதலில் ரத்து செய்பவர் தோற்கிறார்

கணக்குப் பிரிவு காசு தருமா என்பதற்கு முந்தைய கேள்வி, விமான நிறுவனம் தருமா என்பது. இதற்குப் பதில், யார் முதலில் ரத்து செய்தார் என்பதில் இருந்தது. பயணி தானாக ரத்து செய்தால், திரும்பக் கிடைக்காத வகை டிக்கெட்டுக்கு அதிகபட்சம் பிற்காலப் பயணத்துக்கான கிரெடிட் கிடைக்கும். விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் பணமே திரும்ப வர வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2020 ஏப்ரல் 3-இல் விட்ட அறிவிப்பு இந்தப் பழைய கடமையை மறுபடி நினைவூட்டியது. ஐரோப்பாவில் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் ஒழுங்குமுறை அதைவிடத் தெளிவானது: ஏழு நாளில் பணம், வவுச்சர் (பிற்காலப் பயணத்துக்கான கிரெடிட் சீட்டு) என்றால் பயணியின் கையெழுத்திட்ட சம்மதத்தோடு மட்டும்.

இப்போது பல்கலைக்கழகத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். பொறுப்புள்ள நிர்வாகம் என்றால் ஆபத்து தெரிந்ததும் 'அடுத்த இரண்டு மாதப் பயணங்கள் அனைத்தும் ரத்து, உடனே டிக்கெட்டுகளை ரத்து செய்யுங்கள்' என்று சுற்றறிக்கை விடும். சொன்னபடி கேட்டு மறுநாளே ரத்து செய்த பேராசிரியருக்கு வவுச்சர் கிடைத்தது. மின்னஞ்சலையே திறக்காமல் இருந்தவரின் விமானத்தை மூன்று வாரம் கழித்து நிறுவனமே ரத்து செய்தது; அவருக்கு முழுப் பணம். சோம்பலுக்கு விதி பரிசு கொடுத்த அரிய தருணம் அது. சில வாரங்களில் பல்கலைக்கழகங்களின் அறிவுரையும் மாறியது: பயணத்தை நிறுத்துங்கள், டிக்கெட்டை மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள், புறப்படும் தேதி நெருங்கும்வரை பொறுங்கள். பணத்தைக் காப்பாற்றச் சொன்ன அறிவுரைதான் அது, ஆனால் கடைசி நிமிடம்வரை பொறுத்து, பிறகு ரத்து செய்ய மறந்து, எதுவுமே கிடைக்காமல் போனவர்களும் உண்டு.

உரிமை எழுத்தில் இருப்பது வேறு, கையில் பணம் வருவது வேறு. விமான நிறுவனங்களின் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. 2020 மே 13-இல் ஐரோப்பிய ஆணையம் உரிமையை விட்டுக்கொடுக்காமலே, வவுச்சர்களைக் கவர்ச்சியாக ஆக்குங்கள் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் விவகாரம் 2022 நவம்பர்வரை இழுத்தது. ஏர் இந்தியா உள்ளிட்ட ஆறு நிறுவனங்கள் பயணிகளுக்கு 60 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தந்ததாகவும், அவற்றுக்கு அபராதம் விதித்ததாகவும் போக்குவரத்துத் துறை அறிவித்தது அப்போதுதான். அதில் ஏர் இந்தியாவின் பங்கு மட்டும் 12.15 கோடி டாலர்.

இந்தியாவில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 1-இல் வந்த தீர்ப்பு டிக்கெட்டுகளை, வாங்கிய நாளை வைத்துப் பிரித்தது. பொது முடக்கத்தின்போது, அதே முடக்கக் காலப் பயணத்துக்கு வாங்கியவை என்றால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். அதற்கு முன் வாங்கியவை என்றால் 15 நாளில் பணம். நிதி நெருக்கடியால் முடியாத நிறுவனம் 2021 மார்ச் 31 வரை செல்லும் 'கிரெடிட் ஷெல்' (டிக்கெட் தொகையைப் பிற்காலப் பயணத்துக்கு வரவு வைப்பது) தரலாம். அந்தக் கிரெடிட்டின் மதிப்பு மாதாமாதம் ஏற வேண்டும்: 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதம், அதன் பிறகு 0.75 சதவீதம். இவற்றைவிடப் பல்கலைக்கழகங்களுக்கு முக்கியமான அம்சம் ஒன்று அந்தத் தீர்ப்பில் இருந்தது. பயணி அந்தக் கிரெடிட்டை வேறு யாருக்கும் மாற்றித் தரலாம்.

வவுச்சர் யாருடையது?

ஏன் முக்கியம் என்றால், பெரும்பாலான வவுச்சர்களை அப்படி மாற்ற முடியாது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது பல்கலைக்கழகம். கிரெடிட் இருப்பதோ பயணியின் பெயரில். அவர் அதை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு விடுமுறைக்குப் போனால் அது பொதுப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததாகும். போகாமல் காலாவதியாக விட்டால் பொதுப் பணம் வீண். வேலையை விட்டுப் போய்விட்டால் கிரெடிட்டும் அவரோடு போய்விடும். பல்கலைக்கழகங்கள் விதவிதமாகச் சமாளித்தன. சில இடங்களில், அடுத்த அலுவல் பயணத்துக்கு இந்தக் கிரெடிட்டையே முதலில் செலவிட வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். சில இடங்களில், கிரெடிட் இருக்கும்வரை பில்லை பாஸ் செய்ய மாட்டோம் என்றார்கள்.

இந்த இரண்டாவது வழி தவறு என்பது என் கருத்து. சொந்த கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்தவருக்குக் கையில் இருப்பது ஒரு வவுச்சர் எண். வங்கிக்கு அவர் கட்ட வேண்டியதோ பணம். நிரந்தரப் பேராசிரியருக்கு அது எரிச்சல். உதவித்தொகையில் வாழும் ஆராய்ச்சி மாணவருக்கு அது ஒரு மாதச் சாப்பாடு. முதலில் நீ செலவழி, பிறகு நான் தருகிறேன் என்ற ஏற்பாடு, நிறுவனத்துக்கு அதன் ஊழியர்களும் மாணவர்களும் தரும் வட்டியில்லாக் கடன் என்பதைச் சாதாரண நாட்களில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திரும்பி வந்து நாலு வாரத்தில் பணம் வந்துவிடும் என்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள். பெருந்தொற்று அந்த நாலு வாரத்தை ஒரு வருடமாக நீட்டியது. மாநாடு 'ஒத்திவைப்பு' என்றால் இன்னும் மோசம்: ரத்தாகவும் இல்லை, நடக்கவும் இல்லை, எனவே எந்தப் படிவமும் பொருந்தாது. பல்கலைக்கழகமே நேரடியாக டிக்கெட் எடுத்துத் தரும் இடங்களில் இந்தத் துன்பம் இல்லை. அங்கே ஒரே பயண முகவர் வழியாக டிக்கெட்டுகள் போயிருந்ததால் எவ்வளவு கிரெடிட் எந்த நிறுவனத்தில் தேங்கிக் கிடக்கிறது என்ற பட்டியலாவது இருந்தது. அவரவர் கைபேசியில் அவரவர் எடுத்த டிக்கெட்டுகளுக்கு அந்தப் பட்டியலும் கிடையாது.

வரியும் தன் பங்குக்கு நெருக்கியது. அமெரிக்க வருமான வரி விதிகளில் ஊழியருக்குத் திருப்பித் தரும் செலவு, வருமானமாகக் கருதப்படாமல் இருக்க ஒரு கால வரம்பு உண்டு. செலவான 60 நாளுக்குள் கணக்குக் காட்டினால், மிச்ச முன்பணத்தை 120 நாளுக்குள் கட்டினால் கேள்வி எழாது. பல பல்கலைக்கழகங்களின் '60 நாள் விதி' இங்கிருந்து வந்ததுதான். கட்டடம் பூட்டிக் கிடக்க, ரசீது மேசை இழுப்பறைக்குள் இருக்க, மாநாட்டுக்காரர் பதிவுக் கட்டணத்தைத் தருவாரா மாட்டாரா என்று தெரியாமல் இருக்க, 60 நாளில் எந்தக் கணக்கைக் காட்டுவது? விவரம் தெரிந்த கணக்குப் பிரிவுகள் காகித ரசீதுக்குப் பதில் கைபேசிப் படத்தை ஏற்றன, மை கையெழுத்துக்குப் பதில் மின்னஞ்சல் ஒப்புதலை ஏற்றன. தொற்று போன பிறகும் நிலைத்த நல்ல மாற்றங்களில் இது ஒன்று.

எது அத்தியாவசியம்?

இதெல்லாம் நின்றுபோன பயணங்களின் கதை. நிற்க முடியாத பயணங்களும் இருந்தன. பிரிட்டன் அரசு 2020 மார்ச் 17-இல், அத்தியாவசியமல்லாத எல்லா வெளிநாட்டுப் பயணத்தையும் தவிர்க்கச் சொன்னது. அமெரிக்க வெளியுறவுத் துறை மார்ச் 19-இல் உலகம் முழுமைக்கும் 'பயணம் செய்யாதீர்கள்' என்ற நான்காம் நிலை எச்சரிக்கை விட்டு, ஆகஸ்ட் 6 வரை நீக்கவில்லை. இவை ஆலோசனைகள்தாம், தடைகள் அல்ல. ஆனால் பல்கலைக்கழகங்களின் பயணக் காப்பீடு பெரும்பாலும் இவற்றோடு முடிச்சுப் போட்டிருக்கும். அரசு வேண்டாம் என்ற இடத்துக்குப் போனால் காப்பீடு செல்லாது. காப்பீடு இல்லாத ஊழியரை அனுப்பி அவர் வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்தால் அந்தச் செலவு நிறுவனத்தின் பொறுப்பு. துணைவேந்தரோ டீனோ கையெழுத்திட்டாலன்றி யாரும் போகக்கூடாது என்ற கெடுபிடிக்கு, அக்கறை பாதிக் காரணம் என்றால் இது மறுபாதி.

காப்பீட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையும் பரவலாக இருந்தது, காப்பீடு எடுத்திருக்கிறேன், ரத்தானால் பணம் வந்துவிடும் என்று. வழக்கமான பயணக் காப்பீடு எதிர்பாராததற்குத்தான் ஈடு தரும். 2020 ஜனவரி இறுதிவாக்கிலேயே பல நிறுவனங்கள் கொரோனாவைத் 'தெரிந்த நிகழ்வு' என்று வகைப்படுத்திவிட்டன. அதற்குப் பிறகு எடுத்த பாலிசியில் அந்தக் காரணத்துக்காக ரத்து செய்தால் ஒன்றும் வராது. பயந்து போகாமல் இருப்பதற்கு எந்தச் சாதாரண பாலிசியும் ஈடு தருவதில்லை. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற வகை தனியாக உண்டு; பிரீமியம் அதிகம், திரும்பக் கிடைப்பதும் வழக்கமாகப் பாதியிலிருந்து முக்கால் பங்குதான்.

அத்தியாவசியம் என்பதற்கு இலக்கணம் எழுதப் போனவர்கள் எல்லோரும் திணறினார்கள். மாநாட்டுக்குப் போவது அத்தியாவசியமில்லை என்பதில் சண்டையில்லை, திரையில் பார்த்துக்கொள்ளலாம். களப்பணிதான் கடினம். பருவம் தவறினால் ஒரு வருடத் தரவு போச்சு. இதன் உச்சகட்ட உதாரணம் மொசைக் ஆய்வுப் பயணம். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனம் தலைமை தாங்கிய இந்த ஆய்வில், போலார்ஸ்டெர்ன் என்ற கப்பல் 2019 செப்டம்பரில் புறப்பட்டு, ஆர்க்டிக் பனியில் உறைந்து மிதந்தபடி ஒரு வருடம் அளவுகள் எடுத்தது. ஆட்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற வேண்டும். 2020 வசந்த காலத்தில் ஸ்வால்பார்ட் தீவுகள் வழியாக விமானத்தில் ஆள் மாற்றும் திட்டம் எல்லைகள் மூடியதால் முறிந்தது. அடுத்த குழு பிரேமர்ஹாஃபன் நகர விடுதிகளில் இரண்டு வாரத்துக்கு மேல் தனிமையில் இருந்து, பரிசோதனை முடித்து, இரண்டு ஆய்வுக் கப்பல்களில் ஏறி வடக்கே போனது. போலார்ஸ்டெர்ன் தன் பனித்திட்டை விட்டு வெளியே வந்து அவர்களைச் சந்தித்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த இரண்டு வார அறை வாடகை பயணச் செலவா, ஆராய்ச்சிச் செலவா? அது இல்லாமல் ஆய்வே இல்லை என்பதால் இரண்டும்தான்.

சாதாரணப் பயணிக்கு இவ்வளவு தெளிவு கிடைக்கவில்லை. 2021-இல் எல்லைகள் மெல்லத் திறந்தபோது புதிய செலவுத் தலைப்புகள் முளைத்தன. அமெரிக்காவுக்கு விமானம் ஏற 2021 ஜனவரி 26 முதல் 2022 ஜூன் 12 வரை கொரோனா இல்லை என்ற சான்று தேவைப்பட்டது. பிரிட்டன் 2021 பிப்ரவரி 15 முதல் சில நாடுகளில் இருந்து வருவோரை 10 நாள் விடுதியில் அடைத்தது. ஒருவருக்குக் கட்டணம் 1,750 பவுண்ட். பரிசோதனைக் கட்டணத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் குழப்பம் தேவையில்லை. போகும் நாடு கேட்கும் சான்று என்றால் அது விசாக் கட்டணத்தின் தம்பி; பயணத்தை அனுமதித்தவர் அதையும் தர வேண்டும். கடினமான கேள்வி, போன இடத்தில் தொற்று உறுதியாகிப் பத்து நாள் மாட்டிக்கொண்டவருடையது. மாநாடு மூன்று நாள். அனுமதியும் மூன்று நாள். மீதிப் பத்து நாள் அறை வாடகையும் தினப்படியும் யார் தலையில்? அவர் அங்கே வேலை செய்யவில்லை, எனவே திட்ட நிதியில் எழுதுவது சங்கடம். ஆனால் அலுவல் பயணம் இல்லாவிட்டால் அவர் அங்கே இருந்திருக்கவே மாட்டார். என்னைக் கேட்டால் இதைப் பல்கலைக்கழகத்தின் பொது நிதி ஏற்க வேண்டும், அதையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். புறப்படும் முன் எழுதினால் அது கொள்கை. திரும்பி வந்தபின் கேட்டால் கெஞ்சல்.

மலிவான டிக்கெட் என்ற புனித விதியும் இந்தக் காலத்தில் ஆட்டம் கண்டது. கணக்கு எளிது. திரும்பக் கிடைக்காத டிக்கெட் 100, திரும்பக் கிடைக்கும் டிக்கெட் 150 என்று வையுங்கள். பயணம் ரத்தாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைத் தாண்டினால் 150 தான் மலிவு. சாதாரண ஆண்டில் அந்த வாய்ப்பு நூற்றில் சில. 2020-இல் பாதிக்கும் மேல் என்று யாரும் ஊகித்திருக்கலாம். ஆனாலும் விதிப்புத்தகத்தில் மலிவானது என்றால் வாங்கும் அன்றைய விலையே என்பதால், 150-க்கு வாங்கியவர் விளக்கம் எழுத வேண்டியிருந்தது, 100-க்கு வாங்கி முழுதும் தொலைத்தவரிடம் கேள்வியே இல்லை. 2020 ஆகஸ்ட் இறுதியில் யுனைடெட் விமான நிறுவனமும், அதைத் தொடர்ந்து டெல்டா, அமெரிக்கன் நிறுவனங்களும் பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டுகளுக்குத் தேதி மாற்றக் கட்டணத்தை எடுத்துவிட்டது இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தளர்த்தியது. அடிமட்டக் கட்டண வகைக்கு அது பொருந்தவில்லை. மலிவானதையே வாங்கு என்ற விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் கிடைப்பதோ அந்த வகைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் அவசரநிலையை முடித்துவைத்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 ஏப்ரலில் இறுதி செய்த ரீஃபண்ட் விதிகளில், அரசுத் தடையாலோ மருத்துவ ஆலோசனையாலோ கடும் தொற்றுநோய் காரணமாகப் பயணம் செய்ய முடியாதவருக்கு, குறைந்தது ஐந்து ஆண்டு செல்லுபடியாகும், பிறருக்கு மாற்றித் தரக்கூடிய கிரெடிட் தர வேண்டும் என்று இருக்கிறது. ஐந்து ஆண்டு ஏறக்குறைய ஒரு முனைவர் பட்டத்தின் நீளம். அடுத்த தொற்றில் முதலாண்டு மாணவி ஒருத்தி வாங்கிய டிக்கெட், அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போதும் உயிரோடு இருக்கும். அதைத் தன் துறையின் இளைய மாணவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கான படிவத்தைத்தான் இனி கணக்குப் பிரிவு தயாரிக்க வேண்டும்.